கோடைப் பயணமும் இன்சுலினும்
மதுரையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியே நாக்பூர் செல்வோர் ஐந்து மாநிலங்களைக் காண்பர். மே மாதத்தில் கர்நூலுக்கு அப்பால் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். தங்கும் விடுதியை முன்கூட்டியே உறுதிசெய்யும் குடும்பத்தினர், இன்சுலினைப் பற்றிப் புறப்படும் நாளன்றுதான் எண்ணுகின்றனர்.

பயன்பாட்டிலுள்ள இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் சூடாகலாகாது. நிறுத்திய காரினுள் வெப்பம் விரைந்து ஏறும். ஆதலால் உணவுக்காக இறங்குகையில் மருந்துப்பையையும் உடன் எடுத்துச் செல்க. அச்சத்தால் பனிக்கட்டியின்மீது நேரே வைத்தலும் கேடே. உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. துணியில் சுற்றியே குளிர்ப்பையில் வைக்க வேண்டும்.

வழியில் உணவு தாமதமானால் சர்க்கரை தாழக்கூடும். குளுக்கோஸ் பொட்டலம் டிக்கியில் அன்று, நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.