வென்றால் மட்டும் கட்டணமா?

கேள்வி: கோவிட் தடுப்பூசி போட்டபின் என் அண்ணன் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். 'வழக்குப் போடலாம், வென்றால் முப்பது விழுக்காடு கொடுத்தால் போதும்' என்கிறார் பிரிக்பீல்ட்ஸில் ஒருவர். நம்பலாமா?
– ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அம்மா. வழக்கில் வென்றால் மட்டுமே கட்டணம் என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதை மலேசியாவின் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு தடுக்கிறது. அப்படிச் சொல்பவர் வழக்கறிஞர்தானா, இடைத்தரகரா என்று முதலில் விசாரியுங்கள்.

கோவிட் தடுப்பூசியால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு 2021இல் அறிவித்த சிறப்பு நிதியுதவி வேறு, வழக்கு வேறு. நிதியுதவிக்கு நீண்டகால மருத்துவமனைச் சிகிச்சை என்றால் 50,000 வெள்ளி வரை, நிரந்தர ஊனம் அல்லது மரணம் என்றால் 500,000 வெள்ளி வரை என்று சொல்லப்பட்டது. அங்கே பேசுவது மருத்துவ ஆவணங்களே.

வழக்கில் தோற்றவர், வென்றவரின் செலவுத் தொகையைக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். அதாவது தோற்றால் உங்கள் செலவோடு எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம். அரசுமீது வழக்கு என்றால் காலவரம்பு 36 மாதங்கள்தான். ஊசி போட்ட தேதியைப் பாருங்கள்.

அமெரிக்காவில் வழக்கமான தடுப்பூசிகளுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில் நல்லெண்ணத்தோடும் நியாயமான ஆதாரத்தோடும் கோரியவர் தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணத்தைத் திட்டமே கொடுக்கலாம். இங்குள்ள நீதிமன்ற வழக்கில் அந்த வசதி இல்லை.

ஆகவே கட்டணம், நிபுணர் மருத்துவர் அறிக்கைச் செலவு, நீதிமன்றச் செலவு மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் வாங்கிய பிறகே முடிவெடுங்கள்.