புஜபலமும் தோள்மூட்டின் பாதுகாப்பும்

கடையைத் திறந்தது முதல் சாத்தும் வரை நம் கைகள் ஓய்வதில்லை. மூட்டையைத் தள்ளுகிறோம், பெட்டியை மேல்தட்டில் ஏற்றுகிறோம், இரும்புக் கதவை இழுத்து இறக்குகிறோம். ஆனால் அவசரத்தில் கோணலாக நின்று செய்யும் வேலை தேகப்பயிற்சி ஆகிவிடாது. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் 2 நாளாவது செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரை கூறுகிறது.

நாற்பதைத் தாண்டிய நானும் அவ்விதம் தொடங்கினேன். மரப்பெட்டியின் விளிம்பில் கைகளைப் பின்புறமாக ஊன்றி, உடலை இறக்கி ஏற்றினேன். இரண்டே வாரத்தில் வலத்தோள் கெட்டது. மூன்று மாதம் சட்டை மாட்டவும் சிரமப்பட்டேன். அந்த நஷ்டத்தில் கற்ற பாடமே இது.

மேற்கையின் பின்புறத்தில் இருப்பது முத்தலைத் தசை. டாக்டர்கள் ட்ரைசெப்ஸ் என்பார்கள். முழங்கையை நீட்டுவது இதன் வேலை. மூன்று தலைகளில் இரண்டு மேற்கை எலும்பில் தொடங்குகின்றன. மூன்றாவதாகிய நீண்ட தலையோ தோள்பட்டை எலும்பில் தொடங்கி, தோள்மூட்டைக் கடந்து வருகிறது. ஆகவே இத்தசைக்குச் செய்யும் பயிற்சி தோளையும் தொடாமல் இராது.

தோள்மூட்டு, ஆழமில்லாத சிறு தட்டில் வைத்த பந்தைப் போன்றது. அதனால்தான் கை எப்பக்கமும் சுழல்கிறது. அதனாலேயே எளிதில் நிலைகுலையவும் செய்கிறது. பந்தைத் தட்டில் பிடித்து வைப்பவற்றுள் முக்கியமானவை சுற்றிலுமுள்ள 4 சிறு தசைகள். கை உடலுக்குப் பின்னே போன நிலையில் பாரம் இறங்கினால், மூட்டின் முன்புறம் இழுபட்டு நோகும். நான் செய்த பிழை அதுவே.

இனிப் பயிற்சிக்கு வருவோம்.

1. முதலில் 5 நிமிடம் கைவீசி நடந்து, தோள்களை மெதுவாகச் சுழற்றி உடலைச் சூடாக்குக.

2. சுவர்த் தண்டால்: சுவருக்கு இரண்டடி தள்ளி நின்று, மார்பு உயரத்தில், தோளகலத்துக்கு உள்ளங்கைகளை ஊன்றுக. முழங்கைகள் அகலாமல் விலாப்பக்கமாக மடக்கி நீட்டுக. பழகியபின் உறுதியான மேசையிலும், பிறகு தரையிலும் செய்யலாம்.

3. இரப்பர்ப் பட்டையைக் கதவின் மேற்புறம் உறுதியாக மாட்டுக. மேற்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் கீழே அழுத்துக. தோள் அசையலாகாது.

4. அதே பட்டையை மார்பு உயரத்தில் மாட்டி, முழங்கைகள் பின்னே வர விலாவை நோக்கி இழுக்க. தோள்பட்டைகள் முதுகில் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். தள்ளும் பயிற்சிக்கு ஈடாக இழுக்கும் பயிற்சியும் இருந்தால்தான் தோளுக்குச் சமநிலை கிட்டும்.

ஒவ்வொன்றையும் 10 முதல் 12 தடவை, இரண்டு சுற்று செய்தால் போதும். அடுத்த பயிற்சிக்கு முன் 2 நாள் இடைவெளி விடுக. 12 தடவை சிரமமின்றி வந்த பிறகே கடினத்தைச் சிறிது கூட்டுக. தலைக்குப் பின்னே பாரத்தை இறக்கி ஏற்றும் பயிற்சியைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தசையில் சோர்வு தோன்றுவது இயல்பு. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அப்போதே நிறுத்துக. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமலோ, கையை உயர்த்த முடியாமலோ போனால், தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் டாக்டரிடம் செல்க. விசேஷமாக, நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் போகும் நோய் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. நம்மில் அந்நோய் உள்ளவர்கள் இதை மறக்கலாகாது.

வியாபாரிக்குக் கணக்குத் தெரியும். மூட்டு முதல்; புஜபலம் இலாபம். முதலை அழித்து இலாபம் காட்டும் கணக்கை நாம் எந்த ஏட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை. உடம்பின் ஏட்டிலும் அப்படியே இருப்போமாக.