காந்தம் மாசை இழுப்பதில்லை

அன்புள்ள தம்பி,

"தொடர் வார்ப்பில் மின்காந்தம் வைப்பது, உருகிய எஃகிலிருந்து மாசை இழுத்தெடுக்கத்தானே?" என்று கேட்டிருந்தாய். பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவர்களே இப்படிப் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே காந்தத்துக்கு இழுபடாது. தொடர் வார்ப்பில், எஃகு உறையத் தொடங்கும் அச்சில் விழும் எஃகோ 1,500 டிகிரிக்கு மேல். அதிலுள்ள மாசில் பெரும்பகுதி அலுமினா. ஆக்சிஜனைப் பிடிக்க நாமே போட்ட அலுமினியத்தின் மிச்சம். அதையும் காந்தம் கவராது. பிறகு எதை இழுக்கும்?

காந்தம் மடக்குவது எஃகின் ஓட்டத்தை. எஃகை அச்சுக்குள் ஊற்றும் குழாயான நாசிலிலிருந்து நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் பாயும் தாரை, ஏறக்குறைய 0.3 டெஸ்லா புலத்தைக் குறுக்கே கடக்கும்போது அதற்குள் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டமும் புலமும் சேர்ந்து தாரையை எதிர்த்துத் தள்ளுகின்றன. செப்புக் குழாய்க்குள் போட்ட காந்தம் தயங்கித் தயங்கி இறங்குமே, அதே விதிதான். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் கவாசாகி ஸ்டீலும் சுவீடனின் ஏஎஸ்இஏ நிறுவனமும் இதை மின்காந்த பிரேக்காக அச்சில் பொருத்தின.

இதன் தேவை கணக்கில் தெரியும். 100 மைக்ரான் அலுமினாத் துகள் எஃகில் மிதந்தேறும் வேகம் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. தாரையோடு ஆழத்துக்குப் போய்விட்ட துகள் மேலே வருவது எப்போது? அதற்குள் அச்சின் சுவரை ஒட்டி உறையும் எஃகு ஓடு அதைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் கார் கதவுத் தகட்டில் நீளக் கோடாக வெளிப்படும். தாரை ஆழம் போகாமல் தணிந்தால்தான் துகள் ஏறி, மேலே மிதக்கும் கசடில் சேர அவகாசம் கிடைக்கும்.

துகளின் மேலேயே விசை செலுத்தும் வழியும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 1954இல் லீனோவும் கோலினும் அதன் கோட்பாட்டை எழுதினார்கள். உருகிய உலோகத்தில் மின்னோட்டமும், அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலமும் இருந்தால் உலோகம் ஒரு பக்கம் நெருக்கப்படும்; மின்சாரம் கடத்தாத துகள் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். கோளத் துகளுக்கு அந்தத் தள்ளல், அதே கன அளவு உலோகம் பெறும் விசையில் முக்கால் பங்கு. மின்னோட்டம் துகளைச் சுற்றி வளைந்து போவதால் கால் பங்கு குறைகிறது. இதை மனப்பாடம் செய்யாதே, ஒரு மாலை உட்கார்ந்து வருவித்துப் பார். ஆனால் அகலமான எஃகு அச்சில் புலம் கொஞ்சம் சீர்குலைந்தாலும் திரவமே சுழன்று, பிரிந்த துகளை மறுபடி கலக்கிவிடும். அங்கே பிரேக்தான் கைகொடுக்கிறது.

அதற்காகப் பிரேக்கை இறுக்கிக்கொண்டே போகலாம் என்று நினைத்துவிடாதே. மேற்பரப்பில் ஓட்டம் மிகவும் மந்தமானால் சூடான எஃகு அங்கே வந்து சேராது. மேலே தூவிய அச்சுப்பொடி சரியாக உருகாது. விளிம்பு முன்கூட்டியே உறைந்து, மேலேறி வரும் துகளையும் வாயுக் குமிழியையும் அங்கேயே சிறைபிடித்துவிடும். ஓட்டம் மிஞ்சினாலோ கசடே பிய்ந்து எஃகுக்குள் இறங்கும். வார்ப்பு வேகமும் அச்சின் அகலமும் மாறும்போதெல்லாம் புலத்தின் அளவையும் மாற்றியாக வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியன்