கடை வைஃபையில் கால் அறுபடாமல் இருக்க

யானைக்கவுனி, மின்ட் தெரு மொத்தக் கடைகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது: வெளியூர் பார்ட்டியிடம் வாட்ஸ்அப் காலில் விலை பேசும்போது குரல் விட்டுவிட்டு வருகிறது. உடனே 100 எம்பி பிளானை 200 ஆக்குகிறார்கள். காசு போகிறது, குறை அப்படியே நிற்கிறது.

குரல் சின்னச் சின்ன பாக்கெட்டாக, பெரும்பாலும் 20 மில்லி நொடிக்கு ஒன்றாகக் கிளம்புகிறது. ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் அடங்க வேண்டும். தாண்டினால் பேச்சு முட்டிக்கொள்ளும்.

கேமராவையும் பில்லிங் கம்ப்யூட்டரையும் கேபிளில் மாட்டுங்கள். கால் பேசும் போன்கள் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும். 2.4-இல் சேனல் 1, 6, 11 தவிர வேறு வேண்டாம். குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வரிசை பிரிக்கும் டபிள்யூஎம்எம்-ஐ அணைக்கவே கூடாது.

இவ்வளவும் செய்தவர்கள்கூட அடுத்த வேலையில் கோட்டை விடுகிறார்கள். வைஃபையில் முந்தி வந்த குரல், மோடத்துக்குப் போனதும் கேமரா கிளவுடுக்கு அனுப்பும் வீடியோவின் பின்னால் மாட்டிக்கொள்கிறது. வால்டாக்ஸ் ரோட்டில் பார்சல் லாரிக்குப் பின்னால் சிக்கிய சைக்கிள் மாதிரி. மோடத்தின் வரிசையில் நாம் கைவைக்க முடியாது. அதனால் நெரிசல் நம் ரவுட்டரிலேயே நிற்கும்படி, அப்லோடு வரம்பை லைன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும்.

பிளானில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். மாலை நேரத்தில், கடையில் மற்ற எல்லா போனிலும் வைஃபையை அணைத்து, கேமராவையும் கழற்றிவிட்டு, லேப்டாப்பை கேபிளில் மாட்டி அளந்து பாருங்கள். அப்லோடு 20 வந்தால் வரம்பு 17. பிறகு பெரிய வீடியோ ஒன்றை டிரைவில் ஏற்றிக்கொண்டே பிங் ஓட்டுங்கள். சும்மா இருக்கையில் 15 மில்லி நொடி காட்டியது 30, 40 ஆனால் பரவாயில்லை. 300-க்குத் தாவினால் 16, 15 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். டவுன்லோடுக்கும் இதே முறைதான். ரவுட்டரில் எஸ்கியூஎம் என்ற வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அந்த வரம்பை அதிலேயே போடுங்கள். சின்ன ஓட்டங்களை அது தானாகவே முன்னால் விடும்.

ரவுட்டரின் முன்னுரிமைப் பட்டியலில் கால் பேசும் போன், வைஃபையில் ஓடும் கார்டு மெஷின், அவ்வளவுதான். முதலாளி போன், மகன் போன், டிவி என்று எல்லாவற்றையும் ஏற்றினால் முன்னுரிமை யாருக்கும் கிடையாது. யுபிஐ ஸ்பீக்கர் பெரும்பாலும் சிம்மில் ஓடுவது, அதை விட்டுவிடுங்கள். போட்டோ பேக்கப், டாலி பேக்கப் எல்லாம் கடை சாத்திய பிறகு ஓடட்டும்.

பிளான் மாற்றினால் அன்றே மறுபடி அளந்து வரம்பை மாற்றுங்கள். பழைய 17 அப்படியே கிடந்தால் கூடுதலாகக் கட்டிய காசு வீண்.