நோயுற்ற கடல் வண்ணமீனுக்குத் தனித்தொட்டி வைத்தியம்

சந்தையிலிருந்து புதிதாக ஓட்டிவந்த ஆட்டைச் சில நாள் தனியே கட்டிவைத்த பின்னரே மந்தையில் சேர்ப்பது விவரமறிந்த குடியானவரின் வழக்கம். கடற்கரைக் கிராமங்களில் கோமாளி மீன் வளர்ப்போருக்கும் இவ்வழக்கம் இன்றியமையாதது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இம்மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியதால் இது மகளிர் குழுக்களுக்கேற்ற தொழிலாயிற்று. ஆயினும் ஒரு ஜோடி முட்டையிடும் பருவம் அடையப் பல மாதங்கள் செல்லும். அந்த ஜோடி மடிந்தால் குழுவின் கடன் தவணையும் தடைப்படும்.

இம்மீனைப் பெரிதும் வாட்டுவது வெண்புள்ளி நோய். இறால் பண்ணைகளில் இதே பெயரால் வழங்கும் நோய் வைரசால் வருவது; அது வேறு. இதற்குக் காரணம் கிரிப்டோகேரியான் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. துடுப்பிலும் உடலிலும் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். மீன் தொட்டிச் சுவரில் உடலை உரசும்; மூச்சு வாங்கும்; இரை மறுக்கும்.

மூன்று முதல் ஏழு நாட்களில் புள்ளிகள் தாமே மறைந்துவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஒட்டுண்ணி சாகவில்லை, மீனை விட்டிறங்கித் தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டது, அவ்வளவே. ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுயிர்கள் வரை வெளிவந்து மீண்டும் மீனைப் பற்றும். இரண்டாம் முறை புள்ளி தோன்றும்போது மீன் பிழைப்பது அரிது. ஆகவே முதற் புள்ளி கண்ட அன்றே வைத்தியம் தொடங்கவேண்டும்.

100 லிட்டர் கொள்ளும் தனித்தொட்டி ஒன்று போதும். மணலும் பவளக் கல்லும் வேண்டா. மீன் ஒதுங்க இரண்டு குழாய்த் துண்டுகளும் காற்றுப் பம்பும் இருந்தால் சரி. வலை, வாளி, குழாய் யாவும் இத்தொட்டிக்கென்றே தனியாக இருக்கட்டும். ஈர வலை ஒன்றே நோயை அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகும்.

கிராமத்திற்கு ஏற்றதாக நாம் கருதுவது உப்பைக் குறைக்கும் முறை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதை 15 கிராமாகக் குறைத்தால் ஒட்டுண்ணி பெரும்பாலும் அழியும், மீன் தாங்கும். 100 லிட்டர் நீரில் முதல் நாள் 20 லிட்டரை எடுத்து அதே அளவு நன்னீர் ஊற்றினால் உப்பு 28 ஆகும். மறுநாள் 25 லிட்டர் மாற்றினால் 21. மூன்றாம் நாள் 29 லிட்டர் மாற்றினால் 15. கணக்கை மட்டும் நம்பாமல் உப்பின் அளவு காட்டும் கருவியால் அன்றாடம் பார்க்கவேண்டும். குழுவிற்கு ஒரு கருவி போதும். ஊராட்சி உறுப்பினர்கள் இதற்கு முன்னின்று உதவலாம். ஊராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருப்பதால், ஒரு நாள் முழுதும் காற்று ஏற்றிய பிறகே அதைச் சேர்க்கலாம்.

இந்நிலை 21 நாட்களுக்குக் குறையாமல் நீடிக்கவேண்டும். புதுத் தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இராமையால் அமோனியா சேர்ந்துவிடும். எனவே இரையைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றிலொரு பங்கு நீரை, அதே உப்பளவுள்ள நீரால் மாற்றுக.

குறைந்த உப்பையும் தாங்கும் ஒட்டுண்ணி வகை சில உண்டு. அப்போது செம்பு மருந்தே கதி. வயலுக்குத் தெளிக்கும் மயில்துத்தத்தைக் கைப்பிடியாக அள்ளிப் போடும் எண்ணம் யாருக்கும் வேண்டா. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பே அளவு. கூடினால் மீன் சாகும், குறைந்தால் நோய் தீராது. செம்பைச் சோதிக்கும் கருவியின்றி, மீன்வளத் துறையினரைக் கேளாமல், இதில் இறங்கலாகாது. உப்புக் குறைந்த நீரில் செம்பின் நஞ்சு மிகும். இரண்டையும் சேர்க்கக் கூடாது. கடல் சாமந்திக்கும் இறாலுக்கும் செம்பு எமன். அந்நீரை ஓடையிலோ கடலிலோ கொட்டலாகாது.

மீன் இருந்த பழைய தொட்டி வெறுந்தொட்டியானால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்தாலே கூடுகள் மடியும். கடல் சாமந்தி இருப்பதனால் காயவைக்க இயலாது. பதினோரு வாரம் மீனின்றி விட்டுவைப்பதே பத்திரம். வைத்தியம் முடிந்தபின் உப்பை ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக உயர்த்தி 35-க்குக் கொண்டுவந்து, இரை எடுக்கும் மீனையே இடம் மாற்றவேண்டும்.