ஊசி என்றாலே எகிறும் குதிரை

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஐந்து வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினேன். செவலை. பிள்ளைகள் ஏறினால்கூட அடங்கி நடக்கும். ஆனால் கால்நடை டாக்டர் வாசலில் வண்டியை நிறுத்தினாலே மூக்கு விடைத்து, சுற்றிச் சுற்றி வருகிறது. சென்ற மாதம் டெட்டனஸ் தடுப்பூசி போட நான்கு பேர் பிடித்தோம். ஒருவர் காதை முறுக்கினார். அது முன்காலைத் தூக்கி எழுந்ததில் ஒருவருக்குத் தோளில் நல்ல அடி, ஊசியும் போடவில்லை. அதிலிருந்து தலைப்பக்கம் கை கொண்டுபோக விடுவதில்லை, கடிவாளம் மாட்டுவதே பெரும்பாடு. லாடம் அடிப்பவரும் வர யோசிக்கிறார். இனி மயக்க மருந்து கொடுத்துத்தான் எல்லாம் செய்ய வேண்டுமா டாக்டர்?
— வாசகர், பவானி

பதில்: முதலில் அந்தக் காது. இனி யாரையும் அதைத் தொட விடாதீர்கள். மேலுதட்டில் கயிற்றுச் சுருக்குப் போட்டு முறுக்கினால் சில நிமிடங்களுக்குக் குதிரையின் இதயத்துடிப்பு இறங்குவதை ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அதுவும் வெறும் வேதனைதான். காதை முறுக்கும்போதோ துடிப்பு ஏறத்தான் செய்கிறது. குதிரை அசையாமல் நிற்பதைப் பார்த்து அடங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அது பயத்தில் விறைத்து நிற்கிறது. கடிவாளம் மாட்ட விடாததற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

அடுத்தது, அன்றைக்கு அது என்ன கற்றுக்கொண்டது என்று பாருங்கள். நான்கு பேர் சூழ்ந்து அமுக்கினார்கள். எழுந்து நின்றது. நால்வரும் விலகினார்கள். குதிரைக்கு எது பாடம் என்றால், பிடி தளர்கிற அந்த நொடிதான். அந்த நொடிக்கு முன்னால் என்ன செய்ததோ, அதையே அடுத்த முறையும் செய்யும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் பிடி தளரும் நேரத்தை மாற்றுவதுதான். எகிறும்போது விலகாமல், நிற்கும்போது விலக வேண்டும்.

தொடங்கும் முன் கழுத்தின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். பழைய ஊசி போட்ட இடத்தில் வீக்கமோ கட்டியோ இருந்தால், அல்லது தீனி மெல்லும்போது தலையைச் சாய்த்துக்கொண்டால், அதற்கு வைத்தியம் முதலில். வலியோடு இருப்பதைப் பழக்க முடியாது.

பழக்கும் இடம் அது தினமும் நிற்கிற கொட்டகையாகவே இருக்கட்டும். கட்டிப்போடாதீர்கள். ஒருவர் மட்டும் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துத் தோள் பக்கம் நிற்க வேண்டும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு இடத்திலிருந்தும் கை நீளக் கூடாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் நீவிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் துடிப்பு குறைவதை 1993-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் ஊர்க் குதிரைக்காரர்களுக்கு இது ஆய்வில்லாமலே தெரியும்.

அங்கிருந்து கையைக் கழுத்துக்கு நகர்த்துங்கள். அது தலையைத் தூக்குவதற்குள், இன்னும் நிற்கிறபோதே கையை எடுத்துவிட்டு உடனே ஒரு வாய் ஊறிய கொள்ளோ கேரட் துண்டோ கொடுங்கள். முதலில் கையை எடுப்பது, பிறகுதான் தீனி. கை இருக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிறகு தோலைக் கிள்ளிப் பிடிப்பது, பேனா மூடியால் அழுத்துவது, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பது, ஊசி கழற்றிய சிரிஞ்சை வைத்து அழுத்துவது என்று போகலாம். ஸ்பிரிட் வாசனையைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். பல குதிரைகள் சிரிஞ்சைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வாசனைக்கு மிரளும். ரத்தம் எடுக்கும் நாளுக்காகக் கழுத்து நரம்பின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தியும் பழக்குங்கள். இடது பக்கம் பழகியது வலது பக்கம் பழகிவிட்டதாக ஆகாது. இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். மிரண்டால் திட்டாதீர்கள்; முந்தைய படிக்குப் போய், அங்கே நின்றதும் முடித்துக்கொள்ளுங்கள். தீனியைக் கையில் நீட்டினால் நாளடைவில் சட்டைப் பையைக் கடிக்க வரும். தட்டில் வைத்து, அதன் தலை நேராக இருக்கும்போது கொடுங்கள். வெல்லம் எப்போதாவது ஒரு துணுக்கு, அவ்வளவுதான்.

காதுக்கும் இதே வழிதான், ஆனால் நாளாகும். கன்னத்திலிருந்து தொடங்குங்கள். கால் தூக்குவது எளிது: ஒரு நொடி தூக்கி, அது இழுப்பதற்குள் நீங்களே இறக்கிவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு பார்த்தாக வேண்டும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

உங்கள் டாக்டரிடம் ஓர் உதவி கேளுங்கள். அந்தப் பக்கம் போகும்போது பையில்லாமல் இறங்கி, ஒரு கேரட் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நேரமில்லை என்பார். நான்கு பேர் கட்டிப் புரளும் நேரத்தைவிட இது குறைவு என்று சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், வயிற்றுவலி வரும் ராத்திரிக்காக. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிறு உப்பினால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். வலி எவ்வளவு கடுமை என்பதை நாடித்துடிப்பை வைத்தே கணிக்கிறோம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டியது, எங்களைப் பார்த்த பயத்திலேயே ஏறிவிட்டால் எது நோய், எது பயம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மயக்க மருந்து தவறில்லை. பழகி முடிவதற்குள் அவசரம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் மிரண்டு துள்ளத் தொடங்கிய பிறகு கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. டாக்டரை அழைக்கும்போதே போனில் சொல்லிவிடுங்கள். வந்ததும் முதல் வேலையாகக் கொடுத்துவிட்டு, மருந்து பிடிக்கும்வரை யாரும் கிட்டே போகாமல் இருக்கலாம். தலை தொங்கிவிட்டதே என்று பின்னால் போய் நிற்காதீர்கள். அந்த நிலையிலும் குறி தப்பாமல் உதைக்கும்.