வீட்டில் ஆக்சிஜன்: பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு

மலேசியாவின் சிரம்பான், பகாவ், தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவி, புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டு காயவைத்து, விறகடுப்பு ஊதி வாழ்ந்தவர்களில் பலருக்கு இன்று மூச்சு இளைக்கிறது. ஆக்சிஜன் இயந்திரத்தோடு வீடு திரும்பும் அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களே, இவற்றை மனத்தில் வையுங்கள்.

1. ஆக்சிஜன் ஒரு மருந்து. மூச்சு வாங்கும்போது மட்டும் மாட்டினால் போதாது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு நாளுக்கு 15 மணி நேரம் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 1981இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. தூங்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

2. டாக்டர் எழுதிய லிட்டர் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். மிஞ்சினால் சிலருக்கு உடம்பில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, ஓயாத தூக்கம், குழப்பமான பேச்சு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவர்களில் பலருக்கு ரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 விழுக்காடே இலக்கு.

3. ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி கறுத்த தோலில் சில சமயம் கூட்டிக் காட்டும். எண்ணோடு ஆளையும் பாருங்கள். உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் திணறினால் 999ஐ அழையுங்கள்.

4. நெருப்பு 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். காஸ் அடுப்பு, கற்பூரம், சாம்பிராணி எல்லாமே நெருப்புதான். சாமி விளக்கை மருமகள் ஏற்றட்டும். பாட்டி நாற்காலியிலிருந்தே கும்பிடட்டும். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் துணியிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தங்கும். வீட்டுக்குள் யாரும் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. மூக்கு காய்ந்தால் வாசலின் தடவாதீர்கள். தண்ணீரில் கரையும் களிம்பைக் கேட்டு வாங்குங்கள்.

5. இடிமழையில் கரண்ட் போனால் இயந்திரம் நின்றுவிடும். மாற்றுச் சிலிண்டரைச் சாயாதபடி நிறுத்தி வையுங்கள். மின்தடையைத் தெரிவிக்க தெனாகா மின் நிறுவனத்தின் எண் 15454.

6. செம்மண் தூசு வடிகட்டியை அடைக்கும். வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரப்பதப் போத்தலில் காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

7. 2015இல் வந்ததுபோலப் புகைமூட்டம் சூழ்ந்தால் சன்னல்களைச் சாத்தி, அவர்களை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

8. விருந்தாளி வந்தால் குழாயைக் கழற்றி ஒளித்து வைக்கும் பெரியவர்கள் உண்டு. மூக்குக்கண்ணாடிக்கு இல்லாத வெட்கம் இதற்கு எதற்கு என்று கேளுங்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குங்கள். 15 மணி நேரம் தானாக நிறையும்.